பீக்கன் மிதக்கும் இடம்

வணக்கம் நேயர்களே.

நடுக்கடலில் ஒரு படகு கவிழ்ந்துவிட்டது. அதிலிருந்த அபாய பீக்கன், அதாவது ஆபத்தில் ரேடியோ சிக்னல் அனுப்பும் கருவி, தண்ணீரில் மிதந்தபடி 406 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், 50 விநாடிக்கு ஒருமுறை, அரை விநாடி மட்டும் குரல் கொடுக்கிறது. மேலே விநாடிக்கு 7 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் பாயும் செயற்கைக்கோள் அதைக் கேட்கிறது. குரல் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று அதற்குத் தெரியாது. இருந்தும் இடம் தெரிந்துவிடுகிறது.

நெருங்கிப் போகும்போது அதிர்வெண் சற்றுக் கூடுதலாகவும், தாண்டிப் போனபின் குறைவாகவும் கேட்கும். டாப்ளர் விளைவுதான். கேட்ட அதிர்வெண்களை வரைபடத்தில் புள்ளி வைத்துக்கொண்டே போனால் கீழே சரியும் ஒரு வளைவு வரும். நடுவில் செங்குத்தாக விழுந்தால் பீக்கன் பாதைக்குப் பக்கத்தில் இருக்கிறது. சாய்வாக இறங்கினால் தள்ளி இருக்கிறது. பாதைக்கு இடப்புறமா, வலப்புறமா? அங்கேதான் குழப்பம், இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே வளைவுதான் வரும். பூமி சுழல்வதால் உண்டாகும் சிறு வித்தியாசம் கைகொடுக்கும். போதாவிட்டால் அடுத்த சுற்றுவரை காத்திருக்க வேண்டும்.

கனடா, பிரான்ஸ், அமெரிக்கா, சோவியத் யூனியன் நான்கும் சேர்ந்து நடத்திய இந்தத் திட்டத்தின் முதல் செயற்கைக்கோள் 1982இல் ஏவப்பட்டது. பனிப்போர் நடந்துகொண்டிருந்த காலம் அது என்பதை நினைத்துப் பாருங்கள்! 121.5 மெகாஹெர்ட்ஸில் இயங்கிய பழைய பீக்கன்களை 20 கிலோமீட்டர் வட்டத்துக்குள்தான் காட்ட முடிந்தது. 406 வந்தபின் அது 5 கிலோமீட்டர் ஆனது. முக்கியக் காரணம், உள்ளே இருந்து அதிர்வெண்ணை நிர்ணயிக்கும் கிரிஸ்டல்.

கிரிஸ்டலின் அதிர்வெண் கொஞ்சம் பிசகியிருந்தால் பரவாயில்லை. பிசகு மாறாமல் இருக்கும்வரை கணக்கே அதைக் கண்டுபிடித்துக் கழித்துவிடும். நகர்ந்துகொண்டே இருக்கும் பிசகுதான் தொல்லை. படகின் கதகதப்பான அறையிலிருந்த பீக்கன் திடீரென்று குளிர்ந்த நீரில் விழுகிறது. கிரிஸ்டல் குளிரக் குளிர அதிர்வெண் மெல்ல நகரும். அந்த நகர்வையும் செயற்கைக்கோளின் ஓட்டத்தால் வந்தது என்றே கணக்கு எடுத்துக்கொள்ளும். வரைபடத்தில் பீக்கன் வேறிடத்தில் போய் உட்காரும். வெப்பநிலை மாறும்போதும் அதிர்வெண் நிலையாக இருக்கிறதா என்று பீக்கன்களைச் சோதிப்பது இதனால்தான்.

பிழையின் இன்னொரு பாதி மேலே இருக்கிறது. செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்று நாம் நினைப்பதும், அது உண்மையில் இருக்கும் இடமும் ஒன்றல்ல. இரண்டு செயற்கைக்கோள்களுக்கு ஒரே அலை வந்துசேரும் நேர வித்தியாசத்தை வைத்து இடம் தேடும் முறையில் இது இன்னும் கடுமை. ஒரு மைக்ரோவிநாடி தவறினாலே 300 மீட்டர் தூரம் பிசகும். இதற்கு எனக்கு மிகவும் பிடித்த தீர்வு ஒன்று உண்டு. இடம் துல்லியமாகத் தெரிந்த ஒரு டிரான்ஸ்மிட்டரை, தெரியாததுபோல அதே செயற்கைக்கோள்கள் வழியாக அளக்கிறார்கள். வர வேண்டிய விடைக்கும் வந்த விடைக்கும் உள்ள வேறுபாடுதான் பிழை. அந்தப் பிழையை, நாம் தேடும் டிரான்ஸ்மிட்டரின் அளவீட்டிலிருந்து கழித்துவிடலாம். இரண்டும் எவ்வளவு பக்கத்தில் இருக்கின்றனவோ, அவ்வளவு நன்றாகப் பலிக்கும்.

இன்றைய பீக்கன்கள் பலவற்றில் ஜிபிஎஸ் இருக்கிறது, தன் இடத்தைத் தானே சொல்லிவிடும், பிறகு எதற்கு இந்தப் பாடு என்று கேட்கலாம். வானம் சரியாகத் தெரியாத இடத்தில் மாட்டிக்கொண்டால் ஜிபிஎஸ் கிடைக்காது. மற்றவர்களின் சிக்னலில் வேண்டுமென்றே குறுக்கீடு செய்யும் டிரான்ஸ்மிட்டரோ தன் முகவரியைச் சொல்லப்போவதில்லை.

வணக்கம்.