கிச்சன் மேடைக் கல் மாத்த எவ்வளவு ஆகும்? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இன்னைக்கு எடுத்துக்கிற கேள்வி கிச்சன் மேடை பத்தினது. நேயர் ஒருத்தர் கேட்டிருக்காங்க: "வீடு கட்டி இருபது வருஷம் ஆச்சு. எல் வடிவ மேடை, ஒரு சுவர்ல 10 அடி, இன்னொரு சுவர்ல 7 அடி, அகலம் 2 அடி. மேல இருக்கறது கடப்பா கல். வெளுத்துப் போய், சிங்க் ஓரத்துல ஏடு ஏடா பேருது. கிரானைட் சதுர அடி 160 ரூபாய்னு கடையில சொல்றாங்க. 17 அடியை 2 அடியால பெருக்கினா 34 சதுர அடி, 5,440 ரூபாய். ஆறாயிரம் எடுத்து வச்சா போதுமா?"

போதாதுங்க. இதே மேடைக்கு 27,000, 28,000 ரூபாய் பக்கம் வரும். அதுல கல்லோட பங்கு மூணுல ஒண்ணு கூட இல்லை. கடையில கல் விலையை மட்டும் கேட்டுட்டு வேலையை ஆரம்பிச்சா, பாதி உடைச்ச மேடையோட நிக்க வேண்டியதாயிடும். அதனால எது எதுக்குப் பணம் போகுதுன்னு ஒவ்வொண்ணா பார்த்துடலாம். நான் சொல்ற கூலியும் விலையும் கணக்குக்காக வச்சது. உங்க ஊர் ரேட்டைக் கேட்டு அந்த இடத்துல போட்டுக்குங்க.

முதல்ல அளவு. 10 அடியையும் 7 அடியையும் கூட்டினப்பவே மூலையை ரெண்டு தடவை எண்ணிட்டீங்க. 10 அடிப் பக்கம் மூலை வரைக்கும் ஓடிடுது. இன்னொரு பக்கத்துக்கு மிச்சம் 5 அடிதான். ஆக 15 அடி, 2 அடி அகலம், 30 சதுர அடி. ஆனா கல் மேடையை விட 1 அங்குலம் வெளிய நீட்டியிருக்கணும். இல்லன்னா சிந்தற தண்ணி கீழ இருக்கற கதவு மேலயே வழியும். அப்போ அகலம் 25 அங்குலம், அளவு 31 சதுர அடி ஆயிடுது. முன்விளிம்பைத் தடிமனா காட்ட அடியில ஒட்டுற 2 அங்குலப் பட்டி, 13 அடி நீளத்துக்கு 2 சதுர அடிக்குக் கொஞ்சம் மேல. சுவரோரம் 4 அங்குல உயரத்துக்கு நிக்க வைக்கற கல் பட்டி, அதாவது ஸ்கர்ட்டிங், 17 அடிக்கு ஆறு சதுர அடி பக்கம். மொத்தம் 39. சேதாரம் பத்து சதவீதம் சேர்த்தா 43 சதுர அடி. 160 ரூபாய் வீதம் 6,880. பில்லுல 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்ந்தா 8,100 ரூபாய் பக்கம். சில கடையில அகலத்தை 3 அங்குலக் கணக்குக்கு ஏத்திடுவாங்க, 25-ஐ 27-னு எழுதுவாங்க. எப்படி அளக்கறாங்கன்னு விலை பேசும்போதே கேட்டுடுங்க.

அந்த 4 அங்குல ஸ்கர்ட்டிங் அழகுக்குன்னு நினைச்சு வெட்டிடாதீங்க. பழைய கல்லை எடுக்கும்போது அதை ஒட்டி நிக்கற சுவர் டைல்ஸோட கீழ் வரிசை உடையறதை யாராலும் முழுசா தடுக்க முடியாது. இருபது வருஷத்துக்கு முந்தின டைல்ஸ் டிசைன் இப்ப கடையில கிடைக்காது. சுவர் முழுக்க டைல்ஸ் மாத்தறதுன்னா அது தனிச் செலவு. உடைஞ்ச ஓரத்தை ஸ்கர்ட்டிங் மூடிடும். கீழ் வரிசை அதிகமா உடைஞ்சா உயரத்தை 6 அங்குலமாக்கிக்கலாம், மூணு சதுர அடிதான் கூடும்.

அடுத்தது, கல் எது மேல உட்கார்ந்திருக்குன்னு பார்க்கணும். பட்ஜெட்டைப் புரட்டிப் போடறது இதுதான். மேடைக்கு அடியில தலையை விட்டு டார்ச் அடிச்சுப் பாருங்க, முக்கியமா சிங்க்குக்குக் கீழ. கான்கிரீட் ஸ்லாப்ல துருக்கறை தெரியுதா, கம்பி வெளிய எட்டிப் பார்க்குதா, சுத்தியால மெதுவா தட்டினா உள்ள காலியா இருக்கற சத்தம் வருதா? வந்தா அந்த ஸ்லாப்பையும் எடுத்தாகணும். கம்பி துருப்பிடிச்சா பருமன் கூடும், சுத்தியிருக்கற கான்கிரீட்டைப் பிளந்துடும். மேல எவ்வளவு நல்ல கிரானைட் போட்டாலும் அடிப்பக்கம் அசைஞ்சா சிங்க் மூலையில விரிசல் விழும். புதுசா கான்கிரீட் போட்டா சென்ட்ரிங் (அடியில பலகை அடிச்சு முட்டுக் கொடுக்கறது), ஏழு நாளாவது தண்ணி விடறதுன்னு பத்து நாள் அடுப்பு மூட்ட முடியாது. அதுக்குப் பதிலா பக்கச் சுவர் மேல 40 எம்.எம். கடப்பா பலகை போட்டு அது மேல கிரானைட் வைக்கலாம், ரெண்டு நாள்ல முடியும். கூடுதலா எட்டாயிரம் ரூபாய் பக்கம் ஆகும். அடியில இருக்கறதால எலுமிச்சை, புளி படாது, அங்க கடப்பா போதும். கடப்பா ஒரு சுண்ணாம்புக் கல். புளிப்பு எது பட்டாலும் மேல்பக்கம் அரிச்சுப் போகும். உங்க மேடை வெளுத்ததுக்குக் காரணமும் அதுதான்.

"பழைய கல்லை எடுக்காம மேலேயே புதுக் கல்லை ஒட்டிடலாமே, உடைக்கற கூலி மிச்சம்"னு சிலர் சொல்வாங்க. உங்க கல் ஏடு ஏடா பேரறதால அது ஒத்து வராது. ஒட்டினது பேரற ஏட்டோட சேர்ந்து வந்துடும். கல் கெட்டியா இருக்கற வீட்டுல செய்யலாம். அங்கயும் வழவழன்னு இருக்கற கல்லுல சிமெண்ட் கலவை பிடிக்காது. கொத்தி விட்டு, கல் ஒட்டற பசைதான் போடணும். மேடை ஒரு அங்குலம் உயர்ந்தா சுவர்க் குழாய்க்கும் சிங்க்குக்கும் இடைவெளி குறையும், அதையும் பார்த்துக்கணும்.

இப்ப கூலி. உடைச்சு எடுக்க ஒரு நாள், பதிக்க ரெண்டு நாள். கொத்தனாருக்கு 1,200, சித்தாளுக்கு 800-னு வச்சா மூணு நாளைக்கு 6,000. விளிம்பு மோல்டிங், பட்டி ஒட்டி அரைவட்டமா பாலிஷ் போட ரன்னிங் அடிக்கு 150 வீதம் 13 அடிக்கு 1,950. மேடையோட ஓரம் திறந்து இருந்தா அந்த 2 அடியையும் சேர்த்துக்குங்க. சிங்க் கட்டிங் 1,500, குழாய்க்கும் கேஸ் ட்யூபுக்கும் துளை போட 300. சிங்க்குக்கு வெட்டின கல்லுக்கு விலை கழிக்க மாட்டாங்க, வெட்டற கூலி தனி.

இந்த வெட்டுல ரெண்டு விஷயத்துல கறாரா இருங்க. மூலையைக் கூர்மையா வெட்டவே கூடாது. முதல்ல நாலு மூலையிலயும் துளை போட்டு, அப்புறம் துளையிலிருந்து துளைக்கு வெட்டணும். கூரான மூலையிலதான் விரிசல் தொடங்கும். அடுத்து, சிங்க்குக்கு முன்னாடி மிஞ்சற கல் பட்டி குறைஞ்சது 3 அங்குலம் இருக்கணும். பாத்திரம் கழுவும்போது எல்லாரும் சாயறது அந்தப் பட்டி மேலதான். கல்லுக்கு அடியில மாட்டுற சிங்க்னா வெட்டின விளிம்பு முழுக்க வெளிய தெரியும், பாலிஷ் போடணும். 24-க்கு 18 அங்குலச் சிங்க்குக்கு அது மட்டும் 7 அடி, கூலி கூடும். அதை வெறும் பசையில தொங்க விடாம அடியில ஆங்கிள் கம்பி கொடுங்க. தண்ணியும் பாத்திரமும் நிறைஞ்சா தாங்காது. சிங்க் எந்த வகைன்னு கல் வெட்டறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணி, சிங்க்கையே வாங்கிக் கையில கொடுத்து வெட்டச் சொல்லுங்க. காகிதத்துல எழுதின அளவை நம்பி வெட்டினா கல் வீணாகும்.

சிமெண்ட் ரெண்டு மூட்டை, எம்-சாண்ட் ஆறு மூட்டை, 1,300. கல் ஒட்டற எபாக்சி, சிலிகான், 700. புது சிங்க், அதோட ஓட்டையில மாட்டற வேஸ்ட் கப்ளிங், குழாய், தண்ணியை அடைக்கற ஆங்கிள் காக், பிளம்பர் கூலி சேர்த்து 5,000. பழைய சிங்க்கைத் திரும்ப மாட்டலாம்தான், ஆனா கழட்டும்போது நெளிஞ்சா அந்த வெட்டுக்கு வேற சிங்க் பொருந்தாது. கல் ஏத்தி வர 1,200. உடைச்ச இடிபாட்டை எடுத்துப் போக குட்டி யானை வண்டிக்கு 1,500. கல்லும் அடிக்கலவையும் சேர்ந்து 300, 400 கிலோ வரும், குப்பை வண்டியில போட முடியாது. மாடி வீடுன்னா இறக்குற கூலி தனி. எல்லாம் கூட்டினா 27,550. இது மேல மூவாயிரமாவது கையில வச்சுக்குங்க. உடைச்ச பிறகுதான் தெரியற பழுது ஏதாவது ஒண்ணு இருக்கும்.

மாடின்னா இன்னொண்ணு. 10 அடிக் கல் ஒரே துண்டா 100 கிலோவைத் தாண்டும், அந்த நீளத்துக்கு அபார்ட்மெண்ட் லிஃப்டுல போகாது. படிக்கட்டுத் திருப்பத்தை அளந்துட்டு ஆர்டர் கொடுங்க. ரெண்டு துண்டா போட வேண்டியிருந்தா இணைப்பு சிங்க் பக்கமும் வேண்டாம், அடுப்புக்கு நேராவும் வேண்டாம்.

கல் எடுக்கும்போது வெள்ளைத் துணியில தின்னர் நனைச்சுத் தேய்ங்க. துணியில கறுப்பு வந்தா சாயம் ஏத்தின கல், வாங்காதீங்க. கொஞ்சம் தண்ணி விட்டுப் பதினைந்து நிமிஷம் பொறுங்க. அந்த இடம் கருத்தா கல் தண்ணி குடிக்குது, மஞ்சள் கறையும் குடிக்கும். வெளிர் நிறக் கல்லுல இது அதிகம். தடிமன் 20 எம்.எம்.னு சொல்லி 16-ல கொடுக்கறதும் உண்டு, டேப்பைக் கையில வச்சுக்குங்க.

குவார்ட்ஸ், அதாவது ஆலையில செய்யற கல், போடலாமான்னு யோசிச்சீங்கன்னா, சதுர அடி விலையை மட்டும் பார்க்காதீங்க. அதை முழு ஸ்லாப்பாத்தான் பெரும்பாலும் விப்பாங்க. பெரிய ஸ்லாப் 3,200-க்கு 1,600 எம்.எம்., 55 சதுர அடி. உங்களுக்குத் தேவை நாப்பது, காசு 55-க்கு. அதுல பிசின் கலந்திருக்கறதால அடுப்புல இருந்து இறக்கின கடாயை நேரா வச்சா தடம் விழும். தினமும் குக்கரும் தோசைக்கல்லும் இறக்கி வைக்கற சமையலுக்கு என்னோட ஓட்டு கறுப்பு கிரானைட்டுக்குத்தான்.

வேலை தொடங்கற அன்னைக்கு ரெகுலேட்டரைக் கழட்டி சிலிண்டரை வேற அறைக்குக் கொண்டு போயிடுங்க. குழாய் வழி கேஸ் இருந்தா அந்தக் கம்பெனி ஆளைத்தான் கூப்பிடணும், கொத்தனார் தொடக் கூடாது. சிலிண்டர் ட்யூப் வாங்கி அஞ்சு வருஷம் ஆயிருந்தா இதோட சேர்த்து மாத்திடுங்க. பதிச்சு முடிச்சதும் சிமெண்ட் கறை போக ஆசிட் ஊத்தக் கேட்பாங்க, விடாதீங்க. பாலிஷ் மங்கும், அடியில கடப்பா இருந்தா அதையும் தின்னும். ஈரத் துணியால அன்னைக்கே துடைச்சா போதும். மூணு நாளைக்கு மேடை மேல கிரைண்டரை ஏத்தாதீங்க. சிலிகான் காய ஒரு நாள் விட்டுட்டு சிங்க்கை நிறைச்சு, அடைப்பானை எடுத்து விட்டு, கீழ காஞ்ச துணியை வச்சுப் பாருங்க. துணி நனையலன்னா கடைசி ஆயிரம் ரூபாய் கூலியைக் கொடுத்து கணக்கை முடிச்சுக்கலாம்.