கலம்காரித் துண்டும் கைத்தையல் போர்வையும்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம். தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் நம் நகரி, புத்தூர் வட்டாரத்து வீடுகளில், பழைய சேலைகளை அடுக்கித் தைத்த பொந்தப் போர்வையைப் பார்க்காதவர்கள் குறைவு. அந்தப் போர்வையையே ஒரு கலைப்பொருளாகச் செய்யும் விதத்தைப் பற்றி, தையல் சொல்லிக்கொடுப்பவள் என்ற முறையில் இன்று பேச வந்திருக்கிறேன்.

கற்றுக்கொள்ள வருகிறவர்கள் பெரும்பாலும் எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறத்தை வைப்பது என்றே கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் போர்வையின் அழகைத் தீர்மானிப்பது துண்டுகளின் நிறத்தைவிட, அவற்றின் மேல் ஓடும் தையலே என்பது என் கருத்து. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவுதி என்ற போர்வையைப் பாருங்கள். கிடைத்த துணிகளையெல்லாம் சேர்த்து, ஓரத்தில் தொடங்கி வரிசை வரிசையாக உள்நோக்கித் தைத்துக்கொண்டே போய் நடுவில் முடிக்கிறார்கள். துண்டுகள் அளவுக்கொன்றாக இருந்தாலும், அந்த வரிசைகள் அவற்றை ஒரே துணியாக்கிவிடுகின்றன. வங்காளத்துக் காந்தாப் போர்வையிலும் அடிப்படை, ஊசியை மேலும் கீழுமாக ஓட்டிச் செல்லும் இதே ஓட்டத் தையல்தான்.

உள்ளே வைக்கும் துணி நன்றாகத் துவைத்துப் பழகிய பருத்திச் சேலையாகவோ வேட்டியாகவோ இருக்கட்டும். அது சுருங்க வேண்டிய அளவுக்கு ஏற்கெனவே சுருங்கிவிட்டது, ஊசியும் தடையின்றி இறங்கும். நம் ஊரில் எளிதாகக் கிடைக்கும் பாலியஸ்டர் வெட்டுத்துணியைப் புதுப் பருத்தியோடு சேர்த்துத் தைத்தால், முதல் துவையலில் பருத்தி சுருங்க, பாலியஸ்டர் சுருங்காமல் நிற்க, போர்வை முழுவதும் கொப்பளித்ததுபோல் ஆகிவிடும்.

இனி, நமக்கு மிக அருகில் இருக்கும் செல்வத்துக்கு வருகிறேன். பொன்முகலி ஆற்றங்கரையில் உள்ள காளஹஸ்தியின் கலம்காரி, அதாவது துணியில் கையால் வரையும் ஓவியம், 1950களில் கைவினைகளை மீட்க உழைத்த கமலாதேவி சட்டோபாத்யாய் போன்றவர்களின் முயற்சியால் புத்துயிர் பெற்ற கலை. பருத்தித் துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்த்துக் காயவைத்த பிறகு, மூங்கில் குச்சியின் நுனிக்குச் சற்று மேலே சுற்றிய கம்பளியையும் துணியையும் மையில் நனைத்து, விரலால் அழுத்தி அழுத்திக் கோடு இழுக்கிறார்கள். பாலிலுள்ள கொழுப்பு மை பரவாமல் காக்கிறது. துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் நீரில் ஊறவைத்து எடுத்த அந்த மை, கடுக்காயின் துவர்ப்போடு சேர்ந்ததும் கருமையாகிறது.

போர்வை தைப்பவருக்கு இந்தக் கருமையில் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. இரும்பு கலந்த கறுப்பு, காலப்போக்கில் நூலிழையை அரித்து வலுவிழக்கச் செய்யும். பழைய துணிகளில் முதலில் கிழிவது கறுப்பான இடங்களே. ஆகவே கலம்காரித் துண்டைப் போர்வையில் வைத்தால், கறுப்புக் கோட்டின் மேலேயே ஊசியை இறக்காமல், ஒரு அரிசியின் அகலம் தள்ளிக் கோட்டை ஒட்டியே தைத்துச் செல்லுங்கள். மயிலின் கழுத்து வளைவை இப்படித் தொடர்ந்து போகும்போது, கழுத்துக்கு இருபுறமும் துணி அமுங்கி, கழுத்து மட்டும் சற்றே மேலெழுந்து நிற்கும். இதற்குத் தையல் சின்னதாகவும் இழுப்பு சீராகவும் இருக்க வேண்டும். நூலை இறுக்கி இழுத்தால் வளைவு சுருங்கிவிடும். கடைகளில் கலம்காரி என்ற பெயரில் விற்கும் அச்சுத்துணிக்கு இந்தக் கவலை பெரும்பாலும் வேண்டியதில்லை. கோட்டின் தடிப்பு எங்கும் ஒரே அளவாக இருந்தால் அது கையால் வரைந்ததாக இருக்காது.

மேலே தைக்கத் தொடங்குமுன், அடித்துணியைத் தரையில் சுருக்கமின்றி விரித்து, ஓரங்களில் கல் வைத்து, மற்ற அடுக்குகளை நடுவிலிருந்து வெளிப்புறமாகத் தடவிப் பரப்பிய பின், எல்லா அடுக்குகளையும் பிடித்துக்கொள்ளும்படி ஒரு சாண் இடைவெளியில் நீண்ட நூலோட்டம் போட்டுவிடுவது அவசியம். அவசரப்படுபவர்கள் இந்த வேலையைத்தான் விட்டுவிடுகிறார்கள். இயந்திரத்தில் தைப்பதை நான் குறை சொல்லமாட்டேன், துண்டுகளை இணைக்க அது போதும். மேல் தையலைக் கையாலேயே போடுங்கள். முடித்த போர்வையைத் தண்ணீரில் நெடுநேரம் ஊறவைக்காமல் மென்மையான சோப்பில் அலசி, முறுக்கிப் பிழியாமல் நிழலில் உலர்த்த வேண்டும். நேரடி வெயில் இயற்கைச் சாயத்தை, முக்கியமாக மஞ்சளை, விரைவில் வெளிறச் செய்துவிடும்.

நன்றி, வணக்கம்.