பாம்பாட்டமும் கைக்கடிகாரமும்

வணக்கம் நேயர்களே.

கிரிக்கெட்டில் ஜென்மப் பகை எது என்று கேட்டால், யோசிக்காமல் இந்தியா–பாகிஸ்தான் என்பீர்கள். கொஞ்சம் பழைய ஆளாக இருந்தால் இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் மோதும் ஆஷஸ் என்பார். இரண்டையும் பற்றி எல்லோரும் பேசித் தீர்த்தாகிவிட்டது. நான் இன்று பேச வந்தது இலங்கை–வங்கதேசம் பற்றி. இந்த இரண்டு நாடுகளுக்கும் நடுவில் எல்லைத் தகராறு கிடையாது. போர் நடந்தது கிடையாது. ஆற்றுத் தண்ணீர்ப் பஞ்சாயத்துகூடக் கிடையாது. 2018 வரை இவர்கள் மோதினால் மற்ற நாட்டுக்காரர்கள் சேனலை மாற்றிவிட்டுப் போய்விடுவார்கள். இப்போது சம்பந்தமே இல்லாத நாமும் உட்கார்ந்து பார்க்கிறோம். அப்படிப் பார்க்க வைத்தது கிண்டல். வேறு எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை.

முதல் பொறி ஒரு பயிற்சியாளரிடமிருந்து கிளம்பியது. சண்டிக ஹதுருசிங்க, இலங்கைக்காரர். 2014 முதல் வங்கதேச அணிக்குப் பயிற்சியாளராக இருந்தார். அவர் காலத்தில்தான் அந்த அணி 2015 உலகக் கோப்பையில் காலிறுதிக்குப் போனது. அதே ஆண்டு பாகிஸ்தான், இந்தியா, தென்னாப்பிரிக்கா என்று வரிசையாக வந்த அணிகளை ஒருநாள் தொடரில் தோற்கடித்து அனுப்பியது. அப்புறம் 2017 கடைசியில் மனிதர் வேலையை விட்டுவிட்டு இலங்கை அணிக்குப் போய்விட்டார். போனவர் சும்மா இருந்தாரா? 2018 தொடக்கத்தில் இலங்கை அணியோடு அதே வங்கதேசத்துக்கு வந்து, முத்தரப்புத் தொடர், டெஸ்ட் தொடர், இருபது ஓவர் தொடர் மூன்றையும் அள்ளிக்கொண்டு போனார். எங்கள் உப்பைத் தின்றுவிட்டு எங்களையே அடிக்கிறாரே என்று டாக்கா ரசிகர்கள் கொதித்ததில் தப்பு சொல்ல முடியாது.

அந்தத் தொடரில்தான் பாம்பும் உள்ளே நுழைந்தது. வங்கதேசத்தின் இடதுகைச் சுழல் பந்துவீச்சாளர் நஸ்முல் இஸ்லாம், விக்கெட் விழுந்ததும் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் பாம்பின் படம்போலக் குவித்து ஆடுவார். கல்யாண ஊர்வலங்களில் ஆடுகிற நாகின் ஆட்டம். இலங்கையின் தனுஷ்க குணதிலக ஒரு விக்கெட் எடுத்துவிட்டு அதையே திருப்பி ஆடிக் காட்டினார். கணக்கு அங்கேதான் தொடங்கியது.

அடுத்த மாதமே வட்டியோடு வசூல் ஆனது. இலங்கை சுதந்திரம் பெற்று 70 ஆண்டு ஆனதற்காகக் கொழும்பில் இலங்கை, வங்கதேசம், இந்தியா மூன்றும் ஆடிய நிதஹஸ் கோப்பை நடத்தினார்கள். மார்ச் 10 அன்று இலங்கை 214 ரன் குவித்தது. இருபது ஓவரில் அதை யார் துரத்துவது என்று கூட்டம் ஹாயாக இருந்தது. வங்கதேசத்தின் முஷ்ஃபிகுர் ரஹீம் 35 பந்தில் 72 ரன் அடித்து, இரண்டு பந்து மீதம் இருக்கும்போதே முடித்துவிட்டு, பிரேமதாச மைதானத்தின் நட்டநடுவில் பாம்பாட்டம் ஆடினார். நல்ல உயரமான ஆளாக இருந்தால்கூடப் பரவாயில்லை. முஷ்ஃபிகுர் குட்டை. பல்லைக் கடித்துக்கொண்டு அவர் ஆடிய வேகத்தைப் பார்த்தால் எதிரணிக்காரனுக்கே சிரிப்பு வந்திருக்கும். எனக்கு வந்தது.

மார்ச் 16 அன்று சிரிப்பு கொஞ்சம் கசந்தது. வென்றவர் இறுதிக்குப் போகலாம் என்ற ஆட்டம். வங்கதேசத்துக்குக் கடைசி ஓவரில் 12 ரன் வேண்டும். தோளுக்கு மேலே போன இரண்டாவது பந்துக்கு நோ பால் தரவில்லை என்று தகராறு. எல்லைக்கோட்டுக்கு வந்த வங்கதேசக் கேப்டன் ஷாகிப் அல் ஹசன், வெளியே வந்துவிடுங்கள் என்று தன் பேட்ஸ்மேன்களுக்குக் கை காட்டினார். ஒருவழியாக ஆட்டம் தொடர்ந்தது. மஹ்முதுல்லா சிக்ஸர் அடித்து முடித்தார். மறுபடியும் பாம்பு. அன்று இரவு வங்கதேச ஓய்வறையின் கண்ணாடிக் கதவு உடைந்து கிடந்தது. தன் சுதந்திர தினக் கோப்பையின் இறுதியில் இலங்கையே இல்லை.

இங்கேதான் நம்மவர்கள் வருகிறார்கள். மார்ச் 18, இறுதி ஆட்டம், இந்தியாவும் வங்கதேசமும். கொழும்புக் கூட்டம் மொத்தமும் அன்று ஒருநாளைக்கு இந்தியர்களாகிவிட்டது. வர்ணனையாளர் அறையில் சுனில் கவாஸ்கரே கையைக் குவித்துப் பாம்பாட்டம் காட்டினார். இரண்டு ஓவரில் 34 ரன் வேண்டும் என்ற நிலையில் சென்னைப் பையன் தினேஷ் கார்த்திக் உள்ளே வந்தார். சந்தித்த முதல் பந்தே சிக்ஸர். ருபெல் ஹுசைனின் அந்த ஓவரில் 22 ரன். கடைசிப் பந்தில் 5 ரன் தேவை, எக்ஸ்ட்ரா கவருக்கு மேலே தட்டையாக ஒரு சிக்ஸர். எட்டே பந்தில் 29. கோப்பை வாங்கியபின் ரோஹித் சர்மா இலங்கைக் கொடியையும் ஏந்திக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார். அடுத்தவர் சண்டையில் நமக்குக் கிடைத்த இனாம் அது.

சரி, வீரர்கள் ஆடினார்கள். ரசிகர்கள் என்ன செய்தார்கள்? நான் பக்கத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன். 2022இல் துபாயில், அல் கூஸ் பக்கம் ஒரு தொழிலாளர் குடியிருப்பில் இருந்தேன். இலங்கையில் பெட்ரோலுக்கும் கேஸுக்கும் ஜனங்கள் வரிசையில் நின்ற வருஷம் அது. அதனால் அங்கே நடக்கவேண்டிய ஆசியக் கோப்பை எங்கள் ஊருக்கு, அதாவது துபாய்க்கு, வந்துவிட்டது. எங்கள் மெஸ்ஸில் வங்கதேசத்தின் சிட்டகாங்காரர் ஒருவரும் இலங்கையின் குருநாகல்காரர் ஒருவரும் தினமும் எதிரெதிரே உட்கார்ந்துதான் சாப்பிடுவார்கள். பேச்சு வளைகுடா இந்தியில். ஒருவர் ‘பாய்’ என்பார், மற்றவர் ‘மச்சான்’ என்பார். என்னை இரண்டு பேரும் ‘அண்ணா’ என்று கூப்பிட்டு நடுவராக்கிவிடுவார்கள்.

இரு அணியும் மோதும் ஆட்டத்துக்கு முன்னால் இலங்கைக் கேப்டன் தசுன் ஷானக, ஷாகிப்பையும் முஸ்தாஃபிஸுரையும் விட்டால் வங்கதேசத்தில் உலகத்தரப் பந்துவீச்சாளர் இல்லை என்று சொல்லிவைத்தார். வங்கதேச அணியின் இயக்குநர் காலித் மஹ்முத், எங்களிடம் இரண்டு பேராவது இருக்கிறார்கள், அவர்களிடம் ஒருவர்கூட இல்லையே என்று திருப்பிக் கொடுத்தார். மெஸ்ஸில் இதை வைத்து ஒரு வாரம் ஓடியது.

“பாய், உங்க டீமில் பௌலரே இல்லையாமே. ஒருத்தரைக் கடனாத் தரட்டுமா?” என்றார் சிட்டகாங்காரர்.

“வேண்டாம் மச்சான். உங்க கிட்ட வாங்கின 20 கோடி டாலரையே இன்னும் திருப்பிக் கொடுக்கல.”

மெஸ்ஸே அதிர்ந்தது. அது உண்மைக் கடன். 2021இல் வங்கதேசம் இலங்கைக்குக் கொடுத்து உதவிய பணம். 2023இல் இலங்கை அதை வட்டியோடு அடைத்துவிட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் குருநாகல்காரர் என்னைச் சும்மா விடமாட்டார்.

செப்டம்பர் 1 ஆட்டத்தில் வங்கதேசம் 183 ரன் அடித்தது. இருபது ஓவர் ஆட்டத்துக்குப் புதுமுகமான எபாதத் ஹுசைன் விமானப்படைக்காரர், விக்கெட் எடுத்தால் விறைப்பாக சல்யூட் அடிப்பார். மூன்று விக்கெட் எடுத்தார். ஒவ்வொன்றுக்கும் சிட்டகாங்காரர் சாம்பார் அகப்பையோடு எழுந்து நின்று குருநாகல்காரருக்கு சல்யூட் வைத்தார். அதே எபாதத் தன் கடைசி ஓவரில் ரன்களை வாரி வழங்கினார். வெற்றி ரன்னோ மஹதி ஹசன் வீசிய நோ பாலில் வந்தது. சுழல் பந்துவீச்சாளர் கோட்டைத் தாண்டி நோ பால்! டிவியில் இலங்கையின் சாமிக கருணாரத்ன பாம்பாட்டம் ஆடிக்கொண்டிருந்தார். குருநாகல்காரர் ஆடவில்லை. சாப்பிட்ட எவர்சில்வர் தட்டைக் கழுவித் துடைத்து, தலைக்குப் பின்னால் படமாகப் பிடித்துக்கொண்டு, சத்தமில்லாமல் மேஜை மேஜையாகப் போய் எல்லோருக்கும் இரவு வணக்கம் சொல்லிவிட்டுப் படுக்கப் போனார்.

மறுவருஷம் நான் ஊர் திரும்பிவிட்டேன். வாட்ஸ்அப் குழு மட்டும் தொடர்ந்தது. 2023 நவம்பர் 6, உலகக் கோப்பை, டெல்லி. ஒரு விக்கெட் விழுந்து இலங்கையின் ஏஞ்சலோ மேத்யூஸ் களத்துக்கு வந்தார். ஹெல்மெட் வாரை இழுத்தார், கையோடு வந்துவிட்டது. வேறு ஹெல்மெட் வருவதற்குள் ஷாகிப் முறையிட, இரண்டு நிமிடத்துக்குள் அடுத்த பந்துக்குத் தயாராகவில்லை என்று அவுட். சர்வதேச கிரிக்கெட்டில் ‘டைம்டு அவுட்’ ஆன முதல் ஆள் அவர்தான். அன்று வங்கதேசத்துக்குப் பயிற்சியாளர் யார் தெரியுமா? திரும்பி வந்திருந்த அதே ஹதுருசிங்க. பிறகு மேத்யூஸ் பந்தில் ஷாகிப் 82இல் அவுட் ஆனபோது, மேத்யூஸ் தன் மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினார். நேரம் ஆச்சு, கிளம்பு! ஆட்டம் முடிந்து இரு அணியும் கைகுலுக்கவில்லை.

விதிப்படி ஷாகிப் செய்தது சரி. விதி புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு யாருக்கும் கேலி வரவில்லை என்பதைக் குழுவில் கண்ணால் பார்த்தேன். சிட்டகாங்காரர் விதியின் வாசகத்தைப் படம்பிடித்துப் போட்டார். குருநாகல்காரர் பதிலே சொல்லாமல் குழுவை விட்டு வெளியேறினார். ஐந்து வருஷப் பாம்பாட்டத்தில் நடக்காதது அது. நான் தனியாகப் பேசிப் பார்த்தேன். “விளையாட்டு வேற அண்ணா, இது வேற” என்றார்.

அவரைத் திரும்பக் கொண்டுவந்தது நானல்ல, 2024 மார்ச். சில்ஹெட்டில் நடந்த முதல் இருபது ஓவர் ஆட்டத்தில், விக்கெட் எடுத்த வங்கதேசத்தின் ஷோரிஃபுல் இஸ்லாம் மணிக்கட்டைத் தட்டிக் காட்டி வம்புக்கு இழுத்தார். தொடரை 2–1 என்று வென்ற இலங்கை அணி, கோப்பையோடு படம் எடுக்க நின்றபோது மொத்தப் பேரும் கைக்கடிகாரத்தைச் சுட்டிக் காட்டினார்கள். அந்தப் படத்தோடு குருநாகல்காரர் குழுவுக்குள் மறுபிரவேசம் செய்தார். ஒரு வார்த்தை எழுதவில்லை, படம் மட்டும்.

ஒன்பது நாள்தான். மார்ச் 18 அன்று சட்டோகிராமில், அதாவது சிட்டகாங்கில், ஒருநாள் தொடரை வங்கதேசம் 2–1 என்று வென்றது. கோப்பையோடு எல்லோரும் நிற்க, முஷ்ஃபிகுர் கையில் ஒரு ஹெல்மெட்டோடு ஓடிவந்து, வார் அறுந்துவிட்டதே என்று முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு காட்டினார். பாம்பாட்டம் ஆடிய அதே முஷ்ஃபிகுர். இத்தனை வருஷத்தில் வந்த பதிலடிகளில் என் ஓட்டு இதற்குத்தான். ஒரு வார்த்தை இல்லை, வசவு இல்லை, யாருடைய மதமும் அம்மாவும் உள்ளே வரவில்லை. கையில் ஒரு ஹெல்மெட், அவ்வளவுதான். இந்தியா–பாகிஸ்தான் ஆட்டத்தன்று நம் ஆட்கள் எழுதுவதைப் படித்துவிட்டு இதைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

கடைசியாக 2025 ஆசியக் கோப்பை. வங்கதேசம் அடுத்த சுற்றுக்குப் போக வேண்டுமானால் இலங்கை ஆப்கானிஸ்தானைத் தோற்கடிக்க வேண்டும். செப்டம்பர் 18 அன்று சிட்டகாங்காரர் குழுவில் இலங்கைக் கொடியைப் போட்டு, குசல் மெண்டிஸின் ஒவ்வொரு பவுண்டரிக்கும் கைதட்டல் அனுப்பிக்கொண்டிருந்தார். மெண்டிஸ் ஆட்டமிழக்காமல் 74 ரன் எடுத்து வென்று கொடுத்தார். இரண்டே நாளில், துபாயில், சூப்பர் நான்கின் முதல் ஆட்டத்தில் வங்கதேசம் இலங்கையை 4 விக்கெட்டில் சாய்த்தது.

“மச்சான், இதுக்காகவா நாங்க ஆப்கானிஸ்தானை அடிச்சோம்?” என்று எழுதினார் குருநாகல்காரர்.

உடனே பதில் வந்தது: “அடுத்த தடவை கொஞ்சம் யோசிச்சு ஜெயிங்க பாய்.”

நன்றி, வணக்கம்.