நுணல் கத்தும் இடம்

மதிப்பிற்குரிய அவைத் தலைவர் அவர்களே, கல்லூரி முதல்வர் அவர்களே, நோயியல் துறையின் மூத்த பேராசிரியப் பெருமக்களே, மணியில் கை வைத்தபடி அமர்ந்திருக்கும் செயலாளர் அவர்களே, உண்மையில் இந்தப் பேச்சு யாருக்காகவோ அந்தப் பின்வரிசை முதுநிலை மாணவர்களே, ஆய்வகத் தொழில்நுட்பர்களே, அனைவருக்கும் வணக்கம். அறிமுகத்திலேயே எனக்கான நேரத்தில் பாதியை அன்போடு எடுத்துக்கொண்ட தலைவருக்குத் தனி நன்றி.

நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களின் வாய்ப்புண்களில் மூன்று வைரஸ்களின் மரபணு வெளிப்பாட்டை, அதாவது எந்த மரபணு எப்போது வேலை செய்கிறது என்பதை, சொல்வதாக அழைப்பிதழில் போட்டிருக்கிறது. எப்ஸ்டீன்-பார், கபோசி சார்கோமா என்ற புற்றுநோயை உண்டாக்கும் ஹெர்பிஸ் வைரஸ், பாப்பிலோமா. பார்ப்போம், மணி எதுவரை விடுகிறது என்று.

'நுணலும் தன் வாயால் கெடும்' என்பார்கள். தவளை பேசாமல் கிடந்தால் பாம்புக்கு அது இருக்குமிடம் தெரியாது. எப்ஸ்டீன்-பார் வைரஸும் அப்படித்தான். பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அதைச் சுமக்கிறார்கள். பி அணுக்கள் என்னும் வெள்ளணுக்களுக்குள் ஒருசில மரபணுக்களை மட்டும் முணுமுணுத்துக்கொண்டு கிடக்கும். டி வெள்ளணுக்களின் காவல் தளர்ந்தால், அது எச்.ஐ.வி.யாலோ உறுப்பு மாற்றத்துக்குப் பின் தரும் மருந்தாலோ, வாயின் மேல்தோல் அணுக்களில் உரக்கக் கத்தத் தொடங்கும். முதல் குரல் பி.இசட்.எல்.எஃப்.1 மரபணு. அதன் புரதம் மற்ற மரபணுக்களை எழுப்பிவிடும், பிறகு டி.என்.ஏ. இரட்டிப்பு, கடைசியாக வைரஸின் மேலுறைப் புரதங்கள்.

இங்கே ஒரு பழைய கதை. 1984. சான் பிரான்சிஸ்கோ. நாக்கின் பக்கவாட்டில் வெள்ளைத் திட்டுகளோடு நோயாளிகள் வருகிறார்கள். வெள்ளை என்றாலே கேண்டிடா பூஞ்சை என்று கை தானாக எழுதிவிடும் காலம் (இப்போதும் எழுதுகிறது, அது வேறு). ஆனால் காஸ் துணியால் துடைத்தால் இந்தத் திட்டு போகவில்லை. மேற்பரப்பு மடிப்பு மடிப்பாக, மயிர் முளைத்ததுபோல. டெபோரா கிரீன்ஸ்பான், ஜான் கிரீன்ஸ்பான் குழுவினர் அதற்கு ஹேரி லூக்கோபிளேக்கியா, அதாவது மயிர்போன்ற வெண்திட்டு, என்று பெயர் வைத்தார்கள். குற்றவாளி யார்? அந்த ஆண்டுக் கட்டுரையில் இரண்டு பேர்மேல் சந்தேகம்: பாப்பிலோமா வைரஸ், ஹெர்பிஸ் குடும்பத்தைச் சேர்ந்த ஏதோ ஒன்று. ஊரில் திருட்டு நடந்தால் தெருவில் நின்ற இருவரையும் பிடிப்பதுபோல! 1985இல்தான் அந்த அணுக்களுக்குள்ளேயே எப்ஸ்டீன்-பார் பெருகுவதைக் காட்டினார்கள். பாப்பிலோமா விடுதலை. தெருவில் நின்றவனுக்கும் வீட்டுக்குள் பூட்டை உடைத்தவனுக்கும் உள்ள வேறுபாடு அது. நுணல் குளத்தில் இருப்பது வேறு, கத்துவது வேறு.

இதை மறந்துவிட்டு எச்சிலில் வைரஸ் டி.என்.ஏ.யைப் பெருக்கித் தேடும் பிசிஆர் சோதனை செய்து, பாசிட்டிவ் வந்ததும் காரணம் கிடைத்துவிட்டது என்கிறோம். கிடைத்தது குளம்தான்.

கத்தலைக் கேட்க, மரபணு வேலை செய்யும்போது உருவாகும் நகலான ஆர்.என்.ஏ. வேண்டும். பயாப்ஸித் துண்டை இரண்டாக்குங்கள். ஒன்று, பத்து மடங்குக்குக் குறையாத நடுநிலை பஃபர் ஃபார்மலினில். மற்றொன்று, அரை சென்டிமீட்டருக்கு மேல் தடிப்பில்லாமல், ஐந்து மடங்கு ஆர்.என்.ஏ. காப்புத் திரவத்தில், ஓரிரவு நான்கு டிகிரியில் ஊறியபின் உறைநிலைக்கு. வாரக்கணக்கில் ஃபார்மலினில் கிடந்த துண்டில் ஆர்.என்.ஏ. பொடிப்பொடியாகியிருக்கும், நூறு கார இணைக்குள் அடங்கும் சிறு பகுதியைத் தேடினால்தான் ஏதாவது கிடைக்கும். மெழுகில் பதிக்கும்போது துண்டை நிமிர்த்தி வையுங்கள். குரல் வருவது மேலடுக்குகளிலிருந்து. சாய்வாக வெட்டினால் அடுக்கே புரியாது.

அடுத்து, எல்லோரும் வழுக்கும் இடம். வைரஸ் மரபணுக்கள் பலவற்றில் இன்ட்ரான், அதாவது ஆர்.என்.ஏ. ஆகும்போது வெட்டி நீக்கப்படும் இடைப்பகுதி, கிடையாது. ஆகவே கலந்திருக்கும் டி.என்.ஏ.யும் ஆர்.என்.ஏ.போலவே பெருகிக் காட்டும். டி.என்.ஏ.யைச் சிதைக்கும் டி.என்.ஏஸ் நொதி போட்டுச் சுத்தம் செய்யுங்கள். ஆர்.என்.ஏ.யை டி.என்.ஏ.யாக மாற்றும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் நொதி சேர்க்காத குழாய் ஒன்றைக் கட்டாயம் உடன் ஓட்டுங்கள். அந்தக் குழாயிலும் வரைகோடு ஏறினால் முடிவைக் கிழித்துப் போடுங்கள். பி.இசட்.எல்.எஃப்.1க்கு இன்ட்ரான் உண்டு. பெருக்கலைத் தொடங்கிவைக்கும் ப்ரைமரை அதைத் தாண்டி அமைத்தால் பாதி தலைவலி போகும்.

இன்னொன்று. ஈபர் (எப்ஸ்டீன்-பாரின் சிறு ஆர்.என்.ஏ.) சாயம் நெகட்டிவ், ஆகவே எப்ஸ்டீன்-பார் இல்லை என்று அறிக்கை எழுதாதீர்கள். நிணநீர்ப் புற்றுநோயான லிம்போமாவில் கைகொடுக்கும் ஈபர், ஹேரி லூக்கோபிளேக்கியாவில் பெரும்பாலும் வராது. அது பதுங்கல் நிலையின் அடையாளம். இங்கே தேட வேண்டியது வைரஸ் டி.என்.ஏ.யை, அல்லது பி.இசட்.எல்.எஃப்.1 புரதத்தை. கபோசி சார்கோமாவில் நிலைமை தலைகீழ். அங்கே பெரும்பாலான அணுக்கள் பதுங்கல் நிலையில்தான் இருக்கும். உட்கருவில் புள்ளிப் புள்ளியாகத் தெரியும் அந்த வைரஸின் லானா புரதமே சாட்சி. நுணல் அங்கே வாய் மூடியே வீட்டைக் கெடுக்கிறது, பழமொழிக்கு மன்னிப்பு! அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து கத்தும் வைரஸைத்தான் அடக்கும். அதனால்தான் ஹேரி லூக்கோபிளேக்கியா திட்டு மறைந்தாலும் மருந்தை நிறுத்தியதும் திரும்புகிறது.

மணி அடித்தாகிவிட்டது, பாப்பிலோமாவுக்கு வேறொரு மேடை கிடைக்கட்டும். ஆனால் முதல்வர் அவர்களிடம் கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். நம் பயாப்ஸிக் கோரிக்கைப் படிவத்தில் வயது இருக்கிறது, பாலினம் இருக்கிறது. நோயாளி எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து எடுக்கிறாரா, துண்டை எத்தனை மணிக்கு எந்தத் திரவத்தில் போட்டார்கள் என்ற இரண்டு கட்டங்கள் இல்லை. திருத்திய மாதிரிப் படிவம் ஒன்று செயலாளரின் மேசையில், மணிக்குக் கீழே இருக்கிறது. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.