அந்த நர்ஸ் வாயைத் திறந்திருந்தால்

எல்லாருக்கும் வணக்கம். டர்பன், சாட்ஸ்வர்த்திலிருந்து பேசுகிறேன். நைட் டியூட்டி முடிந்து இப்போதுதான் வந்தேன், தூக்கம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பார்த்த ஒரு படம் மனசை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

பெயரைச் சொன்னால் கதை கெட்டுவிடும், வேண்டாம். பேர்பெற்ற சர்ஜன் ஒருவர். ஆபரேஷனில் கை தவறி, நோயாளி டேபிளிலேயே இறந்துபோகிறார். அப்புறம் குடி, கோர்ட், பிரிந்துபோகும் மனைவி. அதெல்லாம் பல படங்களில் பார்த்ததுதான்.

ஆனால் ஆபரேஷன் காட்சியில் இரண்டு வினாடி வருகிறது. ரத்தக்குழாயை இறுக்கிப் பிடிக்கிற கிளாம்பை சர்ஜன் தப்பான இடத்தில் போடுவதை எதிரே நிற்கும் நர்ஸ் பார்த்துவிடுகிறாள். மாஸ்குக்குள் உதடு அசைகிறது, பேச்சு வரவில்லை. படம் அவளை அங்கேயே விட்டுவிட்டு சர்ஜன் பின்னால் போய்விடுகிறது. எனக்கு நகர முடியவில்லை. நானும் அந்த இடத்தில் நிற்கிறவள்தானே.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள். ரத்தத்தை ஒற்றி எடுக்கும் துணித் துண்டுகளான ஸ்வாப்களை ஐந்தைந்தாக எண்ணுவோம், ஒவ்வொன்றிலும் எக்ஸ்ரேயில் தெரிகிற நூல் ஒன்று இருக்கும். வயிற்றைத் தைக்கும் முன் எண்ணினால் 14. இருக்க வேண்டியது 15. டாக்டர் ஊசிக்குக் கையை நீட்டிவிட்டார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

"டாக்டர், ஒன்று குறைகிறது."

"மறுபடி எண்ணு."

மறுபடியும் 14. முகம் கடுத்தது, ஆனாலும் தேடினார். கல்லீரலுக்கு அடியில் ரத்தத்தில் ஊறி, சதையோடு சதையாக மடங்கிக் கிடந்தது.

பெரிய கைகளுக்கும் தப்பு நேரும். 1967 டிசம்பர் 3, கேப் டவுன் குரூட் ஸ்கூர் மருத்துவமனையில் கிறிஸ்டியான் பர்னார்ட், உலகிலேயே முதல் முறையாக ஒரு மனிதருக்கு இன்னொரு மனிதரின் இதயத்தைப் பொருத்தினார். இதயம் பெற்ற லூயி வாஷ்கான்ஸ்கி 18 நாள் உயிரோடு இருந்தார். நுரையீரலில் தெரிந்த நிழலை, உடம்பு புது இதயத்தை ஏற்க மறுப்பதாக எடுத்துக்கொண்டு, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தைக் கூட்டினார்கள். வந்திருந்தது நிமோனியா. அதில்தான் அவர் போனார். 1968 ஜனவரி 2 அன்று பர்னார்ட் அடுத்தவருக்குப் பொருத்தினார். அவர் 19 மாதம் வாழ்ந்தார்.

2008இல் உலக சுகாதார நிறுவனம், ஆபரேஷனில் தப்பு நேராமல் இருக்க, 19 விஷயங்கள் கொண்ட ஒரு சரிபார்ப்புப் பட்டியலைக் கொண்டுவந்தது. எட்டு மருத்துவமனைகளில் பயன்படுத்திப் பார்த்தார்கள், சாவு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. அதில் எனக்குப் பிடித்தது, கத்தி வைக்கும் முன் அறையில் உள்ள எல்லாரும் தங்கள் பெயரையும் வேலையையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது. ஒரு தடவை திறந்த வாய், தப்பைக் கண்டால் மறுபடி திறக்கும்.

படத்தில் யாரும் பெயர் சொல்வதில்லை. கடைசியில் சர்ஜன் இறந்தவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்கிறார், நானும் அழுதேன். ஆனால் அந்த நர்ஸுக்கு என்ன ஆனது? எந்த வீட்டில், யாரிடம் அதைச் சொல்லி அழுதாள்? அவளையும் ஒரு தடவை காட்டியிருக்கலாம்.