ஹார்ப் வாசிக்கும் கால்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

ஹார்ப் என்றதும் எனக்கு நினைவு வந்ததெல்லாம் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில் இருக்கும் தேவதைதான். வெள்ளை உடுப்பு, மடியில் சின்னதாக ஒரு தந்திக் கருவி. நெதர்லாந்துக் கலைஞர் லவினியா மெய்யர் வாசிக்கும் காணொளியைப் பார்த்த அன்றுதான் அந்தப் படம் கலைந்தது. மேடை ஹார்ப் ஏறக்குறைய ஆள் உயரம், எடை சுமார் 40 கிலோ. எந்தத் தேவதையின் மடியும் தாங்காது.

லவினியா 1983-ல் தென்கொரியாவில் பிறந்தவர். இரண்டு வயதில், சகோதரனோடு சேர்த்து, டச்சுக் குடும்பம் ஒன்று அவரைத் தத்தெடுத்தது. ஒன்பது வயதில் ஹார்ப் பழகத் தொடங்கினார். அப்புறம் உட்ரெக்ட், ஆம்ஸ்டர்டாம் இசைக் கல்லூரிகள். 2009-ல் டச்சு இசைப் பரிசு. அங்கே செவ்வியல் கலைஞருக்கு அரசு தரும் பெரிய மரியாதை அது.

சரி, பரிசு பலருக்கும் கிடைக்கிறது. என்னை இழுத்தது 2012-ல் வந்த இசைத்தட்டு. அமெரிக்கர் பிலிப் கிளாஸ் பியானோவுக்கு எழுதிய ‘மெட்டமார்ஃபசிஸ்’ அதில் ஹார்ப்பில் ஒலிக்கிறது. கேட்க எளிமையாக இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள். பியானோவில் கட்டையிலிருந்து விரலை எடுத்தால் ஒலி அடங்கிவிடும். ஹார்ப் தந்தி தானாக அடங்காது, உள்ளங்கையை வைத்துத்தான் அணைக்க வேண்டும். கிளாஸோ ஒரே ஸ்வரங்களைத் திரும்பத் திரும்பச் சுற்றி வருபவர். அதிர்ந்துகொண்டிருக்கும் தந்தியில் விரல் மறுபடி பட்டால் ‘விர்ர்’ என்று இரையும். போதாக்குறைக்குச் சுண்டுவிரல்கள் ஹார்ப்பில் பயன்படுவதில்லை. பத்து விரலுக்கு எழுதியதை எட்டு விரல் வாசிக்கிறது.

மீதி வேலை கால்களுக்கு. தந்திகள் 47, பெடல்கள் 7, ஸ்வரத்துக்கு ஒன்று. ஒரு பெடலை ஒரு படி அழுத்தினால், அந்த ஸ்வரத்துக்கான தந்திகள் எல்லா ஸ்தாயியிலும் அரை ஸ்வரம் ஏறும். ஒவ்வொரு பெடலுக்கும் மூன்று நிலை. 1810-ல் இசைக்கருவி செய்பவரான செபாஸ்டியன் எரார் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது, இன்னும் மாறவில்லை. நீளமான கவுன் இதையெல்லாம் மறைத்துவிடுவதால்தான் நமக்குத் தேவதை ஞாபகம் வருகிறதோ என்னவோ!

கிளாஸோடு லவினியா நிற்கவில்லை. 2013-லேயே இத்தாலிய இசையமைப்பாளர் லுடோவிகோ ஐனாடியின் இசை. 2022-ல் வந்த இசைத்தட்டிலோ, சட்டையில்லாமல் மேடையில் குதிக்கும் ராக் பாடகர் இகி பாப்பின் குரல்!

‘மெட்டமார்ஃபசிஸ்’ முதல் பகுதியை இன்றிரவு கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை கேளுங்கள். அப்புறம் காணொளியைத் தேடி, கையை விட்டுவிட்டுக் காலை மட்டும் பாருங்கள். வணக்கம்.