அவசரம் யாருக்கு?

நேயர்களுக்கு வணக்கம். நான் மருத்துவர் இல்லை. சிங்கப்பூர்த் துறைமுகத்தில் முப்பது வருஷம் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வுபெற்றவன். இன்று பேசப்போவது ஆண்களின் சமாச்சாரம்: புரோஸ்டேட் புற்றுநோய்ப் பரிசோதனை. பக்கத்தில் பேரப்பிள்ளைகள் இருந்தால் இருக்கட்டும், ஒலியைக் குறைக்க வேண்டியதில்லை.

எனக்கு 66 வயதானபோது மகள் ஒரு தனியார் நிலையத்தில் முழு உடல் பரிசோதனைக்குப் பணம் கட்டிவிட்டாள். படிவத்தில் எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டேன். பின்னர் வந்த தாளில் ‘பிஎஸ்ஏ 6.8’ என்றிருந்தது, பக்கத்தில் சிவப்பாக ஒரு நட்சத்திரம். அது எதற்கான சோதனை என்று ரத்தம் எடுத்தபோது யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கிற புரோஸ்டேட் சுரப்பி உண்டாக்கும் ஒரு புரதம்தான் பிஎஸ்ஏ. 4க்கு மேல் போனால் பொதுவாகக் கவனிப்பார்கள். ஆனால் புற்றுநோய் இருந்தால்தான் அது ஏறும் என்றில்லை. வயதாக ஆகச் சுரப்பி பெருத்தாலும் ஏறும், சிறுநீர்த் தொற்று வந்தாலும் ஏறும். பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) ஓர் இளம் டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, “அங்கிள், சைக்கிள் ஓட்டுவீங்களா?” என்றுதான். ஓட்டுவேன், வாரம் மூன்று நாள் ஈஸ்ட் கோஸ்ட் வரை. அதனாலும் ஏறியிருக்கலாமாம். சில வாரம் கழித்து, சைக்கிளைத் தொடாமல் மறுபடி ரத்தம் கொடுத்தேன். 5.9. குறைந்தது, ஆனால் நிம்மதி தருகிற அளவுக்கு இல்லை.

அதற்குள் செய்தி தேக்கா சந்தை வரை போய்விட்டது. “லீ சியன் லூங்கே ஆபரேஷன் செஞ்சுக்கிட்டாரு, உனக்கென்ன தயக்கம்?” என்றார் ஒரு நண்பர். உண்மைதான். அவர் பிரதமராக இருந்தபோது, திசுப் பரிசோதனைக்கு எடுத்த 38 மாதிரிகளில் ஒன்றில் புற்றணுக்கள் இருந்தன. 2015 பிப்ரவரியில், அவருடைய 63வது வயதில், ரோபோ உதவியோடு அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அது அவருடைய உடம்பை அறிந்த மருத்துவர்கள் சொல்லி அவர் எடுத்த முடிவு. என் உடம்பைப் பற்றி அது என்ன சொல்லும்?

அன்றிரவு என் மனைவி ஒரு பழைய பள்ளிக்கூட நோட்டை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். “ஏங்க, ஒவ்வொரு டெஸ்டுக்கும் முன்னாடி ஒன்னு கேட்போம். முடிவு மோசமா வந்தா நாம என்ன செய்யப் போறோம்?” நான் கேட்க நினைத்ததே இல்லை. எதுவும் செய்யப்போவதில்லை என்றால் எதற்கு ஊசி? செய்வதாக இருந்தால் எதற்கு ஒளிய வேண்டும்? அப்புறம் நான் வெட்கப்பட்டு விழுங்கியிருந்த கேள்வியையும், சிகிச்சைக்குப் பிறகு தாம்பத்தியம் என்னாகும் என்பதைத்தான் சொல்கிறேன், அவளே இரண்டாவதாக எழுதிவிட்டாள்.

முதலில் எம்ஆர்ஐ. அதில் சந்தேகமாக ஒரு புள்ளி. அதனால் திசுப் பரிசோதனை. கிளீசன் 6 என்று வந்தது. நுண்ணோக்கியில் அணுக்கள் எவ்வளவு முரட்டுத்தனமாகத் தெரிகின்றன என்பதற்கான மதிப்பெண் அது. புற்றுநோய் என்றால் 6 முதல் 10 வரை கொடுப்பார்கள். ஆக, என்னுடையது அடிமட்டம். புற்றுநோய்தான், ஆனால் படுத்துத் தூங்குகிற ரகம்.

பிரிட்டனில் ஓர் ஆய்வு நடந்தது. சுரப்பியைத் தாண்டாத புற்றுநோய் உள்ள 1,643 ஆண்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள்: கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு. 15 ஆண்டு கழித்து, 2023ல் முடிவு வந்தது. எந்தக் குழுவிலும் இந்த நோயால் இறந்தவர்கள் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர்தான். ஆனால் கண்காணிப்புக் குழுவில் நோய் உடம்பில் பரவியது நூற்றுக்கு ஒன்பது பேருக்கு. மற்ற இரண்டிலும் ஐந்து பேருக்கு. இந்த இரண்டாவது கணக்கையும் டாக்டர் மறைக்காமல் சொன்னார். அதனால்தான் முதல் கணக்கை நம்பினேன். கண்காணிப்பையே தேர்ந்தெடுத்தேன். சும்மா இருப்பதல்ல அது: குறித்த தவணையில் ரத்தம், அவ்வப்போது எம்ஆர்ஐ, தேவைப்பட்டால் மறுபடி திசுப் பரிசோதனை.

என் மச்சானுக்குக் கிளீசன் 8. அவர் சுரப்பியை எடுத்துவிட்டார். அவர் நிலையில் நானும் எடுத்திருப்பேன். அதன்பிறகு அவருக்குச் சிறுநீர் அடங்குவதில்லை. இப்போது கல்யாண மண்டபத்தில் அவர் எப்போதும் வரிசையின் ஓரத்தில், கழிவறைப் பக்கமாகத்தான் உட்காருகிறார். சட்டைக்குள் தெரியாதபடி ஒரு பிளாஸ்டிக் பை, அதில் மாற்று நாப்கின். “உசிரு இருக்குல்ல மாப்ள, இது என்ன பெரிசு?” என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார், ஆனால் மேடைக்குப் போய் மணமக்களோடு படம் எடுத்துக்கொள்வதை நிறுத்திவிட்டார்.

அப்படியானால் பிஎஸ்ஏ பார்க்கலாமா, வேண்டாமா? சிங்கப்பூரின் தேசியப் பரிசோதனைத் திட்டத்தில் பெருங்குடல், மார்பகம், கருப்பை வாய்ப் புற்றுநோய்கள் இருக்கின்றன, இது இல்லை. மறந்துபோய் விட்டதல்ல. ஐரோப்பாவில் 23 ஆண்டு பின்தொடர்ந்து பார்த்ததில், ஒரு மரணத்தைத் தடுக்க 456 பேரைப் பரிசோதனைக்கு அழைக்க வேண்டியிருந்தது. அந்த ஒருவர் நீங்களாக இருந்தால் பெரிய விஷயம். மற்றவர்களில் சிலர் தேவையில்லாத சிகிச்சையில் மாட்டியிருப்பார்கள். அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இந்த நோய் இருந்திருந்தால் கணக்கு மாறும், சீக்கிரமே டாக்டரிடம் பேசுங்கள். 70 தாண்டி, இருதயமும் சிறுநீரகமும் ஏற்கெனவே தொல்லை கொடுக்கிறவருக்கு வேறு கணக்கு. ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்: சிறுநீரில் ரத்தம், காரணமில்லாத முதுகெலும்பு வலி. அது பரிசோதனை வேண்டுமா என்று யோசிக்கிற கட்டம் இல்லை, உடனே போக வேண்டிய கட்டம்.

எனக்கு அடுத்த ரத்தப் பரிசோதனை வரும் மாதம். அதற்கு முந்தைய நாட்களில் சைக்கிளைத் தொடக் கூடாது என்று நோட்டின் அட்டையிலேயே எழுதி, பூட்டுச் சாவியையும் எடுத்து வைத்துக்கொண்டாள் வீட்டுக்காரி.